பேசியதை அப்படியே எழுதவும்

என் சித்தி பொறாமைக்காரி. இதை நானாகச் சொல்லவில்லை, அவளே சொல்லச் சொன்னாள். "எழுதுறதுன்னா எழுது. ஆனா என்னைப் பெரிய மனசுக்காரி மாதிரி காட்டினா, தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்" என்றாள். அதனால் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.

சித்திக்கு முப்பத்தொன்பது வயது. வாரத்தில் ஆறு நாள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவாள். அரிசிமணியில் பாதிகூட இல்லாத திருகாணிகளை நாள் முழுக்க முடுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போவாள். பதினாலு வருடமாகப் போகிறாள்.

நடுவரைத் திட்டுகிறவர்கள் முதலில் கண்ணைத்தான் பிடிப்பார்கள். சித்திக்குக் கண்ணாடிக் கடையில் வேலை என்பது தெரிந்ததிலிருந்து அவர்களுக்குத் தனி உற்சாகம். "மேடம், கடையில சாம்பிள் ஏதாவது மீந்தா ஒண்ணு மாட்டிட்டு வாங்க!" என்று கேலரியிலிருந்து குரல் வரும். சித்தி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆட்டத்தைத் திட்டினால் அவளுக்குக் காது கேட்காது, ஆளைத் திட்டினால் கேட்கும். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனதும் ஒருவன் தன்னைத்தானே அசிங்கமாகத் திட்டிக்கொண்டால், அது அவனுக்கும் அவனுக்கும் உள்ள பிரச்சினை. "என்ன மேடம் இது?" என்று கையை விரித்தாலும் பரவாயில்லை. விரித்த கையை இறக்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினால் ஓர் எச்சரிக்கை. யாருடைய அம்மாவையாவது இழுத்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது. விசிலை ஊதி, இரண்டு கைகளையும் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி சேர்த்துக் காட்டிவிடுவாள்.

அதற்குப் பெயர் டெக்னிக்கல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும், யாரும் தடுக்காமல் வளையத்தில் எறியலாம், விழுந்தால் ஒரு பாயிண்ட். ஒரு கோச்சுக்கு இரண்டு டெக்னிக்கல் விழுந்தால் அவர் அரங்கத்தை விட்டே வெளியே போக வேண்டும். அப்படி யாரையாவது அனுப்பினால், ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கைத் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதன் தலைப்பு: 'பேசியதை அப்படியே எழுதவும்.'

முதல் வருடம் சித்தி அந்தக் கட்டத்தில் 'தகாத வார்த்தை பேசினார்' என்று எழுதிக் கொடுத்தாளாம். கூடைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "எந்தத் தகாத வார்த்தை? தகாததுல ஆயிரம் இருக்கும்மா. ஒண்ணொண்ணுக்கும் ஒவ்வொரு தண்டனை. கேட்டதைக் கேட்டபடி எழுது." அதிலிருந்து சித்தி வெட்கப்படாமல் எழுதப் பழகிக்கொண்டாள். அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. சித்தப்பா ஒருமுறை ஓர் அறிக்கையின் நகலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அசிங்கத்தை இவ்வளவு அழகா எழுத நம்ம வம்சத்துல உன்னை விட்டா ஆள் கிடையாது" என்றார்.

இப்போது பல் டாக்டர்.

அவர் நிஜமாகவே பல் டாக்டர்தான். வார நாட்களில் பல் பிடுங்குவார், ஞாயிறன்று சித்தியோடு ஜோடி சேர்ந்து விசில் ஊதுவார். சித்திக்கு எட்டு வருடம் கழித்து நடுவராக வந்தவர். சித்தியைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். சித்திக்கு அதுவே முதல் எரிச்சல். "நாற்பத்தொரு வயசு ஆளு என்னை அக்காங்கிறாரு. நான் என்ன அவ்வளவு முத்திப் போயா இருக்கேன்?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்பாள்.

ஆறு வருடத்தில் அவர் ஊதிய டெக்னிக்கல் மொத்தம் நாலோ ஐந்தோதான். ஒரு கோச் எகிறிக்கொண்டு வந்தால் டாக்டர் அவர் பக்கத்தில் போய், தோள் உரசுகிற மாதிரி நின்று, ஆட்டத்தையே பார்த்தபடி ஏதோ ஒன்றைச் சொல்வார். இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை இருக்கும். கோச் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சித்தி ஒருமுறை கேட்டே பார்த்தாள். "சும்மா ஏதாவது சொல்றதுதான்க்கா" என்று சிரித்தாராம்.

"அந்தாளுகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒரு நாள் வீட்டில் புலம்பினாள்.

"ஊசி" என்றார் சித்தப்பா. "நாளைக்குப் பல்லு வலிச்சா அவர் முன்னாடிதானே வாயைத் திறக்கணும்? எவன் எதிர்த்துப் பேசுவான்?"

"அப்ப கண்ணு மங்கினா என்கிட்டதானே வரணும்?"

"நீ ஊசி போட மாட்டியே."

சித்தி சிரிக்கவில்லை.

அவளை உண்மையில் அரித்தது வேறு ஒரு விஷயம். நடுவர்களிடையே ஒரு முறை இருக்கிறது. டெக்னிக்கல் ஊதியவர் திட்டியவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஊதிவிட்டு, ஸ்கோர் மேசைக்குத் தகவல் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். அப்போதுதான் சண்டை வளராது. கூட இருக்கும் நடுவர்தான் போய் சமாதானம் பேச வேண்டும். நல்ல முறைதான். ஆனால் சித்தி ஊதுகிறவள், டாக்டர் ஊதாதவர். அதனால் ஒவ்வொரு முறையும் சித்தி தூரத்தில் தனியாக நிற்பாள், டாக்டர் கோச்சின் தோளில் கை போட்டிருப்பார். "வெட்டுறது நான், கட்டுப் போடுறது அவரு. நோயாளி யாரைக் கும்பிடுவான் சொல்லு?" என்பாள். ஆட்டம் முடிந்து எல்லோரும் கை கொடுக்கும்போது டாக்டரிடம் இரண்டு கையாலும் குலுக்குவார்கள். சித்திக்கு விரல் நுனி மட்டும் கிடைக்கும்.

டாக்டருக்கு ஆறு வருடத்தில் இரண்டு இறுதி ஆட்டம் கொடுத்தார்கள். சித்திக்குப் பதினாலு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் அரையிறுதிக்கு முன்னால் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். மூக்கில் வழுக்கும் கண்ணாடியை இறுக்கச் சொல்லி நீட்டிவிட்டுச் சொன்னார்: "அரையிறுதிக்கு நீதான் முதல் நடுவர். டாக்டர் உன் கூட. அதைச் சச்சரவு இல்லாம முடிச்சுக் கொடு. இறுதி ஆட்டமும் உனக்குத்தான்." அன்று சித்தி வீட்டுக்கு வந்து தன்னிடமிருந்த இரண்டு விசில்களையும் சுடுதண்ணீரில் போட்டுக் கழுவினாள். சட்டையை இஸ்திரி போட்டாள். மறுநாள் அதே சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

அரையிறுதி அன்று மதியம் நானும் சித்தப்பாவும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஓர் அணியின் கோச்சை எல்லோரும் 'துண்டு' என்பார்கள். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும், கோபம் வந்தால் அதைத் தரையில் அடிப்பார். இரண்டாவது குவார்ட்டரில் அவருடைய ஆள் மேல் சித்தி ஒரு ஃபவுல் ஊதினாள். துண்டு தரையில் விழுந்தது. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்களே மேடம், சொந்த மூஞ்சிக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா? குருட்டு விசில்!" என்று கத்தினார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. சித்தி டெக்னிக்கல் கொடுத்தாள். அது சரியான டெக்னிக்கல்தான், துண்டின் ஆட்களே முணுமுணுக்கவில்லை.

முறைப்படி சித்தி எதிர்ப்பக்கம் போனாள். டாக்டர் துண்டிடம் போனார். வழக்கம்போல் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். துண்டு முதலில் தலையை ஆட்டினார், பிறகு சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். குனிந்து அந்தத் துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டுவிட்டார்.

சித்தி கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னைப் பத்திதான் சிரிக்கிறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "வேற எதைப் பத்தியும் இருந்திருக்கலாம். ஆனா எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. அதுக்கப்புறம் நான் ஆட்டத்தைப் பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதி அந்த ரெண்டு பேர் வாயைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

கடைசி குவார்ட்டர். ஒரு நிமிடம் நாற்பது விநாடி பாக்கி. துண்டின் அணி ஒரு பாயிண்ட் முன்னால். அவர்களுடைய உயரமான பையன் பந்தைப் பிடித்துத் திரும்பும்போது கால் நகர்ந்துவிட்டது என்று சித்தி விசில் ஊதினாள். பந்து எதிரணிக்குப் போனது. கேலரி கத்தியது, பெஞ்ச் கத்தியது. துண்டு கத்தவில்லை. சித்தி அவரைத் தாண்டி ஓடும்போது உதட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் ஏதோ சொன்னார். சித்தி இரண்டடி ஓடினாள், நின்றாள், திரும்பி விசில் ஊதினாள். கைகள் 'டி' காட்டின.

இரண்டாவது டெக்னிக்கல். துண்டு வெளியே.

"நான் என்ன சொன்னேன்? மேடம், நான் என்ன சொன்னேன்?" என்று அவர் கேட்டபடியே நின்றார். அந்த ஆளை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கோபமே இல்லை, திகைப்புதான் இருந்தது. டாக்டர் வந்து கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப் போனார். எதிரணி ஃப்ரீ த்ரோவைப் போட்டது. ஆட்டம் சமமானது. கடைசியில் துண்டின் அணி ஒரே ஒரு பாயிண்டில் தோற்றது. அந்த ஒரு பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்படி என்ன சொல்லியிருப்பான்?" என்றார் சித்தப்பா. "உங்க சித்தி ரொம்பக் கெட்டதுன்னாதான் ரெண்டாவது ஊதுவா."

துண்டு சொன்னது இதுதான்: "டாக்டரா இருந்தா இதைச் சரியாப் பார்த்திருப்பாரு."

அவ்வளவுதான். சித்தி அதை எங்களிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. ஆனால் அன்று மாலையே அதை அவள் ஒரு தாளில் எழுத வேண்டியிருந்தது. அந்த அறையில் நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

நடுவர்களுக்கு என்று தனி அறை கிடையாது. காற்றுப் போன பந்துகளும் கிழிந்த மெத்தைகளும் போட்டு வைக்கிற அறையில் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி. சித்தி அறிக்கைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். தேதி எழுதினாள், நேரம் எழுதினாள், எந்த அணி என்று எழுதினாள். அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

டாக்டர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "என்னக்கா சொன்னாரு?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"நான் அந்தக் கடைசியில நின்னேன். வாய் அசைஞ்சது தெரிஞ்சது, அவ்வளவுதான்."

வேறு யாருக்கும் கேட்டிருக்காது. துண்டு இல்லை என்று சாதிப்பார், ஆனால் வெளியேற்றப்பட்ட எல்லா கோச்சும்தான் இல்லை என்று சாதிக்கிறார்கள். பதினாலு வருடத்தில் சித்தியின் ஓர் அறிக்கையைக்கூட யாரும் சந்தேகப்பட்டதில்லை. கெட்ட வார்த்தைகளில் அவளுக்குத் தெரியாததே கிடையாது. ஒன்றே ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். துண்டு தடை வாங்கி ஐந்து ஆட்டம் வெளியே உட்காருவார், சித்தி இறுதி ஆட்டத்துக்குப் போவாள். உண்மையை எழுதினால் இறுதி ஆட்டம் போய்விடும். அதைவிட மோசம், அந்த உண்மையை டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எதற்காக ஊதினாள் என்பது அவருக்குப் பச்சையாகத் தெரிந்துவிடும்.

"கெட்ட வார்த்தை" என்றாள் சித்தி.

"எந்த வார்த்தைன்னு போடணுமேக்கா."

சித்தி ஒரு வார்த்தையின் முதல் எழுத்தை எழுதினாள்.

டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதிட்டு இருங்க. அவசரமா ஒரு பேஷன்ட் காத்திருக்காங்க, நான் முதல்ல போட்டுடறேன்" என்று குனிந்து, இன்னும் எழுதி முடிக்காத கட்டத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். "படிக்க வேண்டாமா?" என்று சித்தி கேட்டாள். "நீங்க கேட்டதா சொன்னா கேட்டதுதான்க்கா. இதுல நான் என்ன படிக்கிறது?"

இந்த இடத்தில் சித்தி என்னை நிறுத்தினாள். "மனசாட்சி உறுத்துச்சுன்னு எழுதிடாதே. உறுத்தலை. எரிச்சல்தான் வந்துச்சு. இதுலயும் அந்தாளு நல்லவராப் போயிட்டாரேன்னு. நான் பொய் எழுதினா, அவரு நம்பின மனுஷன், நான் ஏமாத்தினவள்னு ஆயிடும். வேற எல்லாத்துலயும் அவருக்கு விட்டுக் கொடுத்துட்டேன். இதையும் கொடுக்க எனக்கு மனசு வரலை."

எழுதிய முதல் எழுத்தை அடித்தாள். அடித்த இடத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டாள். பிறகு துண்டு சொன்னதைச் சொன்னபடியே, முத்து முத்தாக எழுதித் தாளை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போட்டீங்கல்ல, படிங்க."

அவர் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். காது சிவந்துவிட்டதாம்.

"இதுல கெட்ட வார்த்தை எங்கக்கா இருக்கு?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு ஊதினீங்க?"

"உங்களைச் சொன்னாரு. எனக்குப் பொறுக்கலை. ஊதிட்டேன்."

எகிறிக்கொண்டு வருகிற கோச்சுக்கெல்லாம் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனுஷன், ஒரு வார்த்தையும் கிடைக்காமல் அவிழ்த்த ஷூவை மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார். "'திரும்பத் திரும்ப வாதாடினார்'னு போடலாமேக்கா. முதல் தடவை கத்தினாருல்ல. அது பொய்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"ரெண்டாவது தடவை கத்தலையே" என்றாள் சித்தி. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

வெளியே துண்டு தன் அணியின் வேனில் சாய்ந்து நின்றிருந்தார். சித்தி நேரே அவரிடம் போனாள். நானும் சித்தப்பாவும் அப்போது பக்கத்தில்தான் நின்றோம், ஆனால் எங்களுக்கு எதுவும் புரியவில்லை.

"ரெண்டாவது டெக்னிக்கல் தப்பு. அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தடை வராது" என்றாள்.

"அந்த ஒரு பாயிண்ட் திரும்ப வருமா மேடம்?"

"வராது."

"அப்ப எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?"

துண்டு அவளைப் பார்த்தபடி ஒரு வார்த்தை சொன்னார். நிஜமாகவே எழுத முடியாத வார்த்தை. சித்தப்பா ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். சித்தி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "வாங்க போகலாம்" என்றாள். அந்த வார்த்தை எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை செயலாளர் தொலைபேசியில் பேசினார். ஆட்டத்தின் முடிவு மாறாது. துண்டுக்குத் தண்டனை இல்லை. "இப்படி ஒரு அறிக்கையை நான் பார்த்ததே இல்லைம்மா. என்ன பண்றதுன்னும் எனக்குத் தெரியலை" என்று ஆரம்பித்தவர், என்ன பண்ணுவது என்று தெளிவாகவே சொல்லி முடித்தார். இந்த சீசன் முடியும்வரை சித்திக்குப் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் ஆட்டங்கள் மட்டும். இறுதி ஆட்டம் டாக்டருக்கு.

வெள்ளிக்கிழமை டாக்டர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அன்று நான் சித்திக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் பின்னறைக் கதவருகே நின்றுகொண்டு, "உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரலைக்கா" என்றார்.

சித்தி கையிலிருந்த திருகாணியை முடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு வயிறு எரியுது டாக்டர். நீங்க போய் நல்லா ஊதுங்க. ஆனா எரியுது."

"இல்லக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். பிறகு சும்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நான் மட்டும் போனேன். சித்தி வரவில்லை. காலையிலேயே, "யாரும் எனக்கு ஸ்கோர் சொல்ல வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். நான் திரும்பி வந்தபோது துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டை மடிக்கும் வரை பொறுத்துப் பார்த்தாள்.

"எத்தனை டெக்னிக்கல்?"

"ஒண்ணும் இல்லை சித்தி."

"ஒண்ணுகூடவா? எந்தக் கோச்சும் வாயே திறக்கலையா?"

"திறந்தாங்க. மூணாவது குவார்ட்டர்ல ஒருத்தர் மேசை மேல தட்டிக் கத்தினாரு. டாக்டர் பக்கத்துல போய் ஏதோ சொன்னாரு. உட்கார்ந்துட்டாரு."

சித்தி மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தெரியலை சித்தி. நான் ஆறாவது வரிசை."

"முன் வரிசையில உட்காரக் கூடாதா?" என்றாள் எரிச்சலோடு. "போனதும் போனே, அதையாவது கேட்டுட்டு வந்திருக்கலாமே."